மாதேஷ் கடைசியாகப் பிரித்துவைத்த சாவி

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு மாதேஷின் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் எண்ணைப் பார்த்தால் "ஹலோ" சொல்லுகிற பழக்கம் எனக்குப் பத்தொன்பது வருடமாகக் கிடையாது. ஏதாவது ஒரு பட்டத்தைச் சூட்டித்தான் பேச்சையே தொடங்குவேன். அன்றும் அப்படியே தொடங்கினேன். "யாரங்கே! தர்மபுரிச் சீமையின் சாவிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி பேசுகிறாரா? எமது ரதத்தின் சாவிக்கு வைத்தியம் முடிந்ததா, இல்லை அடக்கமே பண்ணிவிட்டீரா?"

பேசியது மாதேஷ் இல்லை. அவருடைய மனைவி சுமதியின் தம்பி முருகேசன். "பெரியப்பா, நான் முருகேசன் பேசறேனுங்க. மச்சான் எறந்துட்டாருங்க. குளிச்சிட்டு வந்து நாற்காலியில ஒக்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். உசுரு இல்லைன்னு சொல்லிட்டாங்க."

நான் சிரித்தேன். அதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்பு இதே முருகேசனைச் சென்னையிலிருந்து வரும் தணிக்கை அதிகாரி என்று சொல்லிப் பேசவைத்து, என்னை நாள் முழுக்க முழுக்கைச் சட்டையும் திருநீறுமாகக் கடையில் உட்காரவைத்தவர் மாதேஷ். அதற்குப் பதிலடியை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஆகவே சொன்னேன்: "அப்படியா சேதி? சாகறதுன்னா தாராளமாச் சாகட்டும். முதல்ல என் கார் சாவியைக் குடுத்துட்டுச் சாகச் சொல்லு உங்க மச்சானை."

முருகேசனுக்குப் பின்னால் சுமதியின் குரல் கேட்டது. அந்தச் சத்தத்தை யாரும் விளையாட்டுக்குப் போட முடியாது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வீட்டுக்காரி வந்து கையிலிருந்த போனைப் பிடுங்கியபோதுதான் அது எப்போதோ அணைந்துபோயிருந்தது தெரிந்தது.

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன். மாதேஷுக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு அறுபத்து நான்கு. சர்க்கரை எனக்கு, ரத்தக்கொதிப்பு எனக்கு, மருத்துவர் திட்டுவது என்னை. போவதென்றால் வரிசையில் நான் முன்னால் நின்றிருந்தேன். அவர் முந்திக்கொண்டுபோன அநியாயத்தை இதை எழுதும் இந்த நிமிடம்கூட என் மண்டை ஏற்கவில்லை.

மாதேஷை அறிந்தவர்களே, உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறியாத ஒருவர் தப்பித்தவறி இதைப் படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். பாப்பாரப்பட்டியில் நான் நடத்துகிற பத்திரம் எழுதும் கடையில் தட்டச்சு செய்தவர் அவர். பத்திரத்தின் அடியில் பெரிய கையெழுத்து என்னுடையது. பத்திரம் பிழையில்லாமல் இருந்தால் அது அவருடையது. ரத்த உறவு கிடையாது. ஆனாலும் அவர் என்னை மாமா என்பார், நான் அவரை மாப்ளை என்பேன். அந்த முறைப்படி சுமதிக்கும் அவள் தம்பிக்கும் நான் பெரியப்பா. மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் அவருடைய இரண்டாவது உத்தியோகம் தொடங்கும். எழுத்து விழாத கீபோர்டு, அமுக்கினால் அசையாத கார் ரிமோட் சாவி, இரண்டையும் தன் சாப்பாட்டு மேசையில் பிரித்துப்போட்டுச் சரிசெய்வார். யாரிடமும் படிக்கவில்லை. வாசலில் பலகை மாட்டவில்லை. "எங்க வூட்டு மேசையில சாவிங்கதான் ஒக்காந்து சாப்புடும் பெரியப்பா, மனுசங்க எல்லாம் தரையில" என்பாள் சுமதி.

அவருடைய புகழைப் பரப்பும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒகேனக்கல் அருவிக்குள் விழுந்த சாவியைக்கூட மாதேஷ் உயிர்ப்பித்துவிடுவார் என்று அதியமான்கோட்டை டீக்கடை முதல் தர்மபுரி பேருந்து நிலையம் வரை முழங்கிவைத்திருந்தேன். அதை ஒருவர் நம்பிவிட்டார். நிஜமாகவே பரிசலிலிருந்து தண்ணீருக்குள் விழுந்த கார் சாவியை ஒரு டம்ளர் அரிசியில் புதைத்து, டம்ளரோடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாதேஷ் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு டம்ளரைக் கவிழ்த்தார். "அரிசியில போட்டா சாவி காயாதுங்க, அரிசிதான் கெட்டுப்போவும். தண்ணி வெளிய வரணும்னா மூடியைத் தொறக்கணும். தொறக்கப் பயந்துக்கிட்டுத்தான் எல்லாரும் அரிசியைத் தேடறாங்க." பேட்டரியைக் கழற்றி, உள்ளேயிருந்த பச்சை அட்டையைப் பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, மின்விசிறிக்கு முன்னால் சாத்திவைத்தார். மறுநாள் அந்த மனிதர் பொத்தானை அமுக்கினார். அவர் கார் கூவியது. அந்தக் கூவலில் அதிர்ந்து வத்தல்மலையே ஒரு முறை திரும்பிப் பார்த்ததாக நான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஐந்து அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத வந்திருந்தார்கள். பல வருடச் சண்டைக்குப் பிறகு அன்றைக்கு ஒரு நாள்தான் ஐவரும் ஒரே கூரைக்கடியில் சேர்ந்து நின்றது. பாதிப் பத்திரத்தில் கீபோர்டின் இடைவெளி விசை செத்துப்போனது. வார்த்தைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பிரிப்பதற்காக வந்த சொத்து திரையில் பிரியமாட்டேன் என்றது. மூத்தவர் அதைச் சகுனம் என்றார். இளையவர் அதை மூத்தவரின் சூழ்ச்சி என்றார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என் கடையே குருச்சேத்திரம் ஆகியிருக்கும். மாதேஷ் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார், அதிலிருந்து அரைப்படி முறுக்குத் தூள் கொட்டியது (தின்றவன் நான்), நீள விசையை நெம்பி எடுத்தார். அடியிலிருந்த ரப்பர்க் குமிழ் கிழிந்திருந்தது. மேல்வரிசையின் கோடியில், பிறந்த நாளிலிருந்து எவரும் தொடாத ஒரு விசை இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி அதன் குமிழை எடுத்து இங்கே வைத்தார். நான்கே நிமிடம். ஐவருக்கும் பங்கு பிரிந்தது.

"எப்படி மாப்ளை?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"கீபோர்டுல பாதிப் பேரு சும்மா ஒக்காந்திருக்காங்க மாமா. வேலை செய்யறவன் ஒடைஞ்சா, ஒக்காந்திருக்கிறவன்கிட்ட எடுத்துக் குடுக்கலாம், தப்பில்லை" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்ம கடையில அப்படி எடுக்கணும்னா உங்ககிட்டத்தான் எடுக்கணும்" என்றார். அண்ணன் தம்பிகள் ஐவரும் ஒற்றுமையாகச் சிரித்த ஒரே சந்தர்ப்பம் அது.

இனி என் பெருங்குற்றத்துக்கு வருகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அதுதான். என் காருக்கு இரண்டு சாவிகள். அதில் ஒன்றின் பொத்தான் தேய்ந்துபோனபோது, மாதேஷுக்கு வருகிற வித்தை எனக்கு வராதா என்ற வீம்பில், போனில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு சமையலறைக் கத்தியால் நானே அதைப் பிரித்தேன். புதுக்கூடு வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றினேன். அரை அரிசி அளவில் கறுப்பாக ஒன்று பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து ஊதிவிட்டேன். கதவு திறந்தது, வண்டி கிளம்பவில்லை. மாதேஷிடம் போய் நின்றேன். அவர் சாவியைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"மாமா, இங்க கறுப்பா ஒண்ணு இருந்திருக்குமே."

"அழுக்கு. ஊதிட்டேன்."

"அது அழுக்கு இல்லைங்க. அதைப் பாத்துத்தான் எஞ்சினு இது நம்மாளுன்னு தெரிஞ்சுக்கும். வண்டியோட உசுரைப் போயி ஊதிட்டு வந்திருக்கீங்க."

இருவரும் என் வீட்டுச் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, உளுந்து, கடுகு, எறும்பு என்று எல்லாவற்றையும் சலித்தோம். கிடைக்கவில்லை. எழுந்தபோது அவர் சொன்னதை நான் நூறு பேரிடம் கேலியாகச் சொல்லியிருக்கிறேன். "உள்ள இருக்கிறது எதுவும் தூசி இல்லைங்க மாமா. நமக்குத் தெரியலைன்னா, நமக்குத் தெரியலை. அவ்வளவுதான்." அன்றிலிருந்து என் காருக்கு ஒரே சாவி.

அவருடைய வேலை முறை ஒன்று உண்டு. அதை நான் கேலி செய்யாத நாள் இல்லை. பத்திரக் கடைக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளுக்கு அளவே கிடையாது. எழுதிக்கொண்டு போனவர்கள் எல்லாம் மகன் கல்யாணம், மகள் கல்யாணம் என்று கொண்டுவந்து வைப்பார்கள். கெட்டி அட்டை, மேலே பிள்ளையார், நான்கு மூலையிலும் மஞ்சள். நாள் கழிந்த பத்திரிகைகளை மாதேஷ் வீட்டுக்கு எடுத்துப்போவார். ஒரு சாவியைப் பிரிப்பதற்கு முன் ஒரு பத்திரிகையை விரித்து, உள்பக்கத்தில் எழுத்தில்லாத இடத்தில் அந்தச் சாவியின் படத்தைப் பென்சிலால் போடுவார். பிறகு கழற்றக் கழற்ற, ஒவ்வொரு திருகையும் ஒவ்வொரு துண்டையும் அந்தந்த இடத்தில் செலோ டேப்பால் ஒட்டி, பக்கத்தில் எண் போட்டு, ஒரு வரி எழுதுவார். வேலை பாதியில் நின்றால் பத்திரிகையை மடித்து அதன் உறைக்குள்ளேயே போட்டுவைப்பார். பிள்ளையார் இருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளிகூட வைக்கமாட்டார்.

"என்ன மாப்ளை, திருகாணிக்கும் ஸ்பிரிங்குக்கும் கல்யாணமா? பொண்ணு வீட்டுக்காரங்க யாரு?" என்பேன்.

"சிரிங்க. பிரிக்கிறது எந்த மடையனும் பிரிப்பான், உங்களை மாதிரி. திரும்பச் சேக்கணும் இல்ல?"

"நீ பிரிச்சதை நீதான சேக்கப் போற? உனக்கு எதுக்குய்யா எழுதி வெக்கிற?"

"நாளைக்கு இந்த எடத்துல ஒக்காரப்போறவன் இன்னைக்கு ஒக்காந்தவன் இல்லைங்க மாமா. அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. பாவம், அவனுக்கு எழுதி வெக்கிறேன்."

தத்துவம் என்று நினைத்து இதற்கும் கைதட்டிச் சிரித்தேன்.

திங்கட்கிழமை மாலை, மிஞ்சியிருந்த அந்த ஒற்றைச் சாவியின் திறக்கும் பொத்தானும் வேலைநிறுத்தம் செய்தது. மூடும் பொத்தான் மட்டும் விசுவாசமாக இருந்தது. நேராக மாதேஷ் வீட்டுக்கு ஓட்டிப்போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முட்டுக்கோடியில் அவர் வீடு. அகலம் ஒரு கார், கூடவே ஒரு ஒல்லி மனிதன். வண்டியை அவர் வாசலை ஒட்டி நிறுத்தி, இறங்கி, பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். "நாளைக்குக் காலைல சாவி ரெடி மாமா. பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வாங்க. மகாராசா ஒரு நாள் மக்களோட வரட்டும்" என்றார். சந்துமுனையில் நின்ற தன் பைக்கில் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். பேருந்து கிளம்பும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? காலையில் பார்க்கப் போகிறவரை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா?

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டி வந்திருந்தது. அவர் உள்ளே இருந்தார், நெற்றியில் ஒற்றை ரூபாயோடு. தலை வாரியிருந்தார்கள், தப்பான பக்கம். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யார் யாரோ வந்தார்கள். என்னிடம் எல்லோரும் "எப்படி?" என்று கேட்டார்கள். எதற்கும் ஒன்பது வாக்கியத்தில் பதில் சொல்லுகிற எனக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை. கோயம்புத்தூரில் படிக்கிற அவர் மகள் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

மூன்று மணிக்குச் சந்துமுனையில் இறுதி ஊர்தி வந்து நின்று ஒலி எழுப்பியது. உள்ளே வர முடியவில்லை. "யாருய்யா குறுக்க காரை நிறுத்தினது?" என்று வெளியே கத்தினார்கள். நானும் எழுந்துபோய், "எந்த முட்டாள்யா அது? சாவு வூட்டு வாசல்ல வண்டியை இப்படியா நிறுத்துவான்?" என்று உரக்கக் கத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரைப் பார்த்தேன். என் கார். காலையிலிருந்து அதை ஒட்டி ஒதுங்கித்தான் நானும் உள்ளே வந்திருக்கிறேன். கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

இனி நிலைமையைக் கேளுங்கள். ஊர்தி உள்ளே வராது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் காருக்கும் சுவருக்கும் நடுவில் பாடை நுழையாது. ஐஸ் பெட்டியைக் காலையில் ஒருச்சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். அவரை ஒருச்சாய்க்க முடியாது. "காருக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் வாங்கிக்கலாம்பா, பத்து பேரு இருக்கோம்" என்றார் ஒருவர். இன்னொருவர் கடப்பாரையோடு வந்தார். "கண்ணாடியை ஒடைச்சிட்டுத் தள்ளிடலாம். ஒடைங்க, என் வண்டிதான், தூளாக்குங்க!" என்று நானே அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

சுமதி வாசலுக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்து அழுத குரல் கட்டிப்போயிருந்தது.

"ஒடைக்காதீங்க பெரியப்பா. அவரை மூட்டை மாதிரி மேல தூக்கிப்போட்டும் வாங்காதீங்க. எல்லாரையும் போல நேராப் போவட்டும் அவரு. சாவி வேலை ராத்திரியே முடிஞ்சிடுச்சு, சேக்கறதுதான் பாக்கின்னு சொன்னாரு. வூட்லதான் இருக்கும். தேடுங்க."

சாப்பாட்டு மேசையைத் திண்ணை ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார்கள். அதன்மேல் மாலைகள் குவிந்து கிடந்தன. மாலைகளுக்கடியில் என் சாவியின் பிளாஸ்டிக் கூடு, இரண்டு ஓடுகளாக, காலியாக. உள்ளே எதுவும் இல்லை. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கூடத்துக்கு ஓடினேன். அழுதுகொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் நடுவில் நின்று கத்தினேன்: "கல்யாணப் பத்திரிகை எங்க? இங்க இருந்த கல்யாணப் பத்திரிகையை யாரு எடுத்தா?"

"மாப்ளை போன துக்கத்துல பெரியவருக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்று ஒரு அம்மாள் சொன்னது தெளிவாகக் கேட்டது. இரண்டு பேர் என் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். "விடுங்கய்யா, பத்திரிகை வேணும்!" என்று நான் திமிறியது அவர்கள் சந்தேகத்தை உறுதியாக்கியது.

முருகேசன்தான் மெதுவாக வந்தான். "பெரியப்பா, மேசை மேல ஒரு பத்திரிகை இருந்துச்சுங்க. பிள்ளையார் போட்டு, மஞ்சள் வெச்சு. எழவு வூட்ல அது கண்டபடி கெடக்கக் கூடாதுன்னு சாமி ரூமுல கொண்டுபோயி வெச்சேனுங்க."

"கையில கனமா இல்லையாடா?"

"இருந்துச்சுங்க. பெரிய எடத்துப் பத்திரிகை, உள்ள வெள்ளிக்காசு ஏதோ வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் ரூமைச் சாத்திட்டாங்க."

மரியாதைக்காகச் செய்தான். அவனை ஒரு சொல் சொல்ல முடியாது. ஆனால் இழவு வீட்டில் ஒரு முறை சாத்திய சாமி அறையைக் காரியம் முடிகிறவரை திறப்பதில்லை. கதவுக்கு முன்னால் மாதேஷின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். "பொணம் வூட்ல கெடக்குது, சாமி ரூமைத் தொறக்கறதா? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது" என்றார்.

சுமதி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அத்தை, உங்க மவன் எதைத் தொறக்கவும் பயந்தவரு இல்லை. தொறந்ததை மூடாம விட்டவரும் இல்லை. இது ஒண்ணைத்தான் மூடாம விட்டுட்டுப் போறாரு. அதை மூடித்தான் அவரை அனுப்பணும். பாவம் வந்தா எனக்கு வரட்டும். நவுருங்க."

கிழவி அவளையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேறு யாரையும் விடாமல், தானே கதவைத் திறந்து, உள்ளே போய், உறையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

உறையைப் பிரித்தேன். அது என் மகள் கல்யாணப் பத்திரிகை. நானே வாசகம் எழுதி, என் பெயருக்கு முன்னால் நானே சேர்த்துக்கொண்ட ஏழு பட்டங்களோடு அச்சடித்தது. இத்தனை பத்திரிகைகளில் என் சாவிக்கு அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உள்பக்கத்தில் என் சாவியின் படம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். ஒவ்வொரு எண்ணிலும் டேப்புக்கடியில் ஒரு துண்டு. ஆறாவது எண்ணில் அந்தக் கறுப்பு அரை அரிசி. அதற்கு மட்டும் இரண்டு டேப். அதைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவர் எழுத்து: "மாமா, இதை ஊதிடாதீங்க."

கையை நீட்டிப் பிடித்துத்தான் இதைப் படித்தேன், கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சுமதி மாதேஷின் கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தாள். போட்டுக்கொண்டேன். வெளியே வெளிச்சம் இருந்தது, உட்கார இடம் இல்லை. கூடத்திலேயே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் செய்த வேலையை அவருக்கு அரையடி தள்ளி நான் செய்யப்போகிறேன். வாழ்க்கையில் முதல் முறையாக, எழுதிவைத்திருந்ததை எழுதிவைத்திருந்தபடியே படித்தேன்.

"1. ஸ்பிரிங். ரெண்டு சுத்து சுத்தி, விரலால புடிச்சுக்கோங்க." பிடித்தேன். வழுக்கியது. எகிறிப்போய் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில், நேராக அவர் முகத்துக்கு மேலே, 'டிங்' என்று விழுந்தது. இதற்குமுன் நான் செய்த ஒவ்வொரு அபத்தத்துக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. காலையில் போனில் கேட்டபோது இல்லை, நெற்றி ரூபாயைப் பார்த்தபோது இல்லை. நான் இவ்வளவு பெரிய கோமாளித்தனம் செய்தும் அவர் திட்டாமல் கிடந்தபோதுதான் மாதேஷ் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

அவர் மகள் எழுந்துவந்து ஸ்பிரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மறுபடி சுற்றினேன். இரண்டு சுற்று. நின்றது. சாவித் தகடு, முள், பச்சை அட்டை. அட்டையில் அவர் ராத்திரி பற்றவைத்த புதுப் பொத்தான் பளபளத்தது. ஆறாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். ரப்பர், பழைய பேட்டரி, ஒற்றைத் திருகு. இரண்டு ஓடுகளையும் சேர்த்து அமுக்கினேன். சொடக்கென்று மூடியது.

வாசலுக்குப் போனேன். எனக்குப் பின்னால் கூடமே எழுந்து வந்தது. பொத்தானை அமுக்கினேன். 'குவிக், குவிக்' என்றது கார். விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. நான் திரும்பி, உள்ளே பார்த்து, "மாப்ளை, ஆயிடுச்சு" என்று கத்திவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. எஞ்சின் கிளம்பியது. பின்பக்கமாக எடுப்பதில் நான் எருமைக்கு ஈடு. அந்தச் சந்தில் எப்போதும் பின்னால் நின்று "வாங்க, வாங்க, ஒடிங்க, போதும் ராசா" என்று கத்துபவர் மாதேஷ். அன்று முருகேசன் நின்றான். சுவரில் உரசாமல் அந்தச் சந்தை நான் கடந்தது அந்த ஒரு முறைதான். அவர் நேராகப் போனார், சுமதி கேட்டபடி.

அவரை அறிந்தவர்களே, உங்கள் வீடுகளில் அவர் கைபட்ட கீபோர்டுகள் இருக்கும், அவர் பொத்தான் மாற்றிய சாவிகள் இருக்கும். என்னிடம் அந்தப் பத்திரிகை இருக்கிறது. கடையில் என் மேசைக் கண்ணாடிக்கடியில், என் ஏழு பட்டங்களும் கீழே மறைய, அவர் எழுத்து மேலே தெரிய வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஆறாவது வரியைப் படித்துவிட்டு என்னவென்று கேட்கிறார்கள். ஒன்பது வாக்கியத்தில் சொல்லத் தொடங்கி இரண்டாவதில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்பதுக்குக் கீழே இன்னொரு எண் உண்டு. அன்று அவசரத்தில் அதை நான் பார்க்கவில்லை. அங்கே டேப் இல்லை, துண்டு இல்லை. "10. புது பேட்டரி. நாளைக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். குளித்துவிட்டு அதை வாங்கத்தான் கடைக்குக் கிளம்புவதாக இருந்தாராம்.

நான் வாங்கிவிட்டேன். உறை பிரிக்காமல் சட்டைப்பையில் இருக்கிறது. பழையது தளர்ந்துகொண்டு வருகிறது. முன்பு சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்ட வண்டி இப்போது கதவை ஒட்டி நின்று அமுக்கினால்தான் கேட்கிறது. நேற்று நான்கு முறை அமுக்கினேன். நான்காவது முறை கூவியது.